உழைக்கும் பெண்களுக்கான அறக்கொடை இல்லங்கள்: நோய் தேறவா, விடுமுறைக்கா?

வரலாற்று வாசகர்:
பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் வீட்டு வேலையிலும் இருந்த இளம்பெண்களுக்காகக் கடலோரங்களிலும் நாட்டுப்புறங்களிலும் நடத்தப்பட்ட அறக்கொடை இல்லங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். ஒரே வகை இல்லத்தை ஒரு நூல் நோய் தேறுவோருக்கானது என்கிறது, மற்றொன்று விடுமுறை இல்லம் என்கிறது. மருத்துவமனைகள் இருக்கும்போது இவை எதற்காகத் தேவைப்பட்டன? செலவை யார் ஏற்றார்கள்? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஏடு:
மருத்துவமனையிலிருந்து வெளியேறும் பெண் எங்கே போவாள் என்று பார்த்தால் இந்த இல்லங்களின் தேவை புரிந்துவிடும். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் 13 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு எசமானரின் வீடே தங்குமிடம் என்பதால், வேலை செய்ய முடியாத பெண்ணுக்குக் கூலியோடு படுக்கையும் போய்விடும். கட்டில் காலியாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்த மருத்துவமனையோ, காய்ச்சல் தணிந்ததும் அவளை அனுப்பிவிடும். இந்த இடைவெளியை நிரப்பவே, 1840-இல் தோன்றி லண்டனுக்கு அருகே வால்டன்-ஆன்-தேம்ஸில் நோய் தேறுவோருக்கான பெரிய இல்லம் நடத்திய மெட்ரோபாலிடன் கன்வலசென்ட் இன்ஸ்டிடியூஷன் போன்ற அமைப்புகள் உருவாயின. அது பெண்களுக்கு மட்டுமானதன்று.

நோய்க்கும் விடுமுறைக்கும் இடையிலான கோடு மங்கியதற்கு இரத்தசோகை ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. வேலைக்காரப் பெண்களிடமும் கடைப் பெண்களிடமும் ‘குளோரோசிஸ்’ என்ற சோகையை அக்கால மருத்துவர்கள் மிகுதியாகக் கண்டார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு நல்ல உணவு, திறந்தவெளிக் காற்று, ஓய்வு ஆகியவற்றையே பரிந்துரைத்தார்கள். மாத்திரையை நீக்கிவிட்டால் அது விடுமுறைதான். ஆனால் களைத்துப்போன பெண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்வதைவிட, நோயுற்ற பெண் தேற வேண்டும் என்று சொல்லி நன்கொடை திரட்டுவது எளிது.

கணக்குப்பிள்ளை:
செலவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆண்டுச் சந்தா செலுத்தும் செல்வர்களுக்குப் பரிந்துரைச் சீட்டு வழங்கும் உரிமை இருந்தது. அத்தகைய சீட்டைக் கேட்டுப் பெற்ற பிறகே பல இல்லங்களில் இடம் கிடைக்கும். ஆகவே தேவை எவ்வளவு இருந்தாலும், சந்தாதாரர் எவரையும் அறியாத பெண் வாசலுக்கு வெளியேதான் நின்றாள். பல இல்லங்களில் பெண்களும் வாரத்துக்குச் சில ஷில்லிங் செலுத்தினார்கள். அது முழுச் செலவையும் ஈடுகட்டாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தாலும், பிச்சை என்ற பெயர் வராமல் காக்க உதவியது.

பணத்தைவிடக் கடுமையானவை நிபந்தனைகள். காசநோய் உள்ளவர்களையும் தொற்றுநோய் உள்ளவர்களையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. நன்னடத்தைச் சான்றும் பல இடங்களில் கேட்கப்பட்டது. மேரி எலிசபெத் டவுன்ஸெண்டின் முயற்சியால் 1875-இல் தொடங்கி, உழைக்கும் இளம்பெண்களுக்காக இல்லங்களும் நடத்திய கேர்ள்ஸ் ஃப்ரெண்ட்லி சொசைட்டி என்ற அமைப்பு, ஒழுக்கத்தில் களங்கமற்ற பெண்களையே உறுப்பினராக ஏற்பது என்பதை விதியாகவே வைத்திருந்தது. ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமான வேலைக்காரப் பெண்ணுக்குத்தான் ஓய்வும் கூரையும் மிக அவசரம். அவளை இந்த விதி முதலிலேயே கழித்துக்கட்டியது. இதற்காக அந்த அமைப்பின் பணி முழுவதையும் புறந்தள்ள நான் விரும்பவில்லை என்றாலும், ‘கருணை’ என்ற ஒற்றைச் சொல்லால் இதை மூடிவிடவும் முடியாது.

கடற்காற்று:
மேலே சொன்னவை மருத்துவப் பக்கத்துக்குப் பொருந்தும். விடுமுறைக்கென்றே நடந்த முயற்சிகளும் உண்டு. 1871-ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் சில தனி நாள்களைத்தான் தந்தது. தொடர்ந்து ஒரு வாரம் வெளியூரில் தங்க வேண்டுமானால் அந்த வாரக் கூலியை இழக்க வேண்டும்.

எம்மலின் பெத்திக்கும் மேரி நீலும் 1895-இல் லண்டனில் தொடங்கிய எஸ்பெரான்ஸ் மன்றத்தை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தையல் தொழிலில் இருந்த பெண்களே அதில் பெரும்பங்கினர். அவர்களைக் கடலோரத்துக்கு அழைத்துச் சென்றதோடு நில்லாமல், லிட்டில்ஹாம்ப்டனில் ‘க்ரீன் லேடி’ என்ற விடுதியையும் நிறுவினார்கள். மேசோன் எஸ்பெரான்ஸ் என்ற தையற்கூடத்தை நடத்தி, எட்டு மணிநேர வேலைநாளையும் வாரத்துக்குக் குறைந்தது 15 ஷில்லிங் கூலியையும் அளித்தார்கள். களைப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பெண்ணை அதே நெடுநேர வேலைக்குத் திருப்பி அனுப்புவதில் பயனில்லை என்பதை உணர்ந்தவர்களின் செயல் இது. பெத்திக் பின்னர் பெண் வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரானதில் எனக்கு வியப்பில்லை.

வரலாற்று வாசகர்:
மூவருக்கும் நன்றி. அரசு இதில் நுழைந்த பிறகு இவ்வில்லங்கள் என்னவாயின?

பழைய ஏடு:
உடனே மறைந்துவிடவில்லை. 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டம் நோய்க்கால உதவியாக ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங்கும் பெண்ணுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸும் வகுத்தது. அத்தொகையில் வாடகை கொடுத்து உண்பதே கடினம் என்பதால் இல்லங்களின் தேவை தொடர்ந்தது. 1938-ஆம் ஆண்டின் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டமும் 1948-இல் வந்த தேசிய சுகாதார சேவையும்தான் நிலைமையைப் பெரிதும் மாற்றின. மேலும் படிக்க விரும்பினால் இல்லங்களின் ஆண்டறிக்கைகளைத் தேடுங்கள். முன்னுரைகள் நன்கொடையாளரை மகிழ்விக்க எழுதப்பட்டவை. வந்த பெண்களின் தொழிலும் தங்கிய நாள்களும் குறிக்கப்பட்ட பட்டியல் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.