இலங்கைத் தேயிலைத் தோட்ட வேலையில் பென்ஷன் எடுத்த பிறகு வீட்டில் என்ன வருமானம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஸ்கெலியா பேத்தி:
அம்மாயி, எங்கள் பாட்டி, போன வருஷம் பென்ஷன் எடுத்தார். நம் பக்கத்துப் பென்ஷன் தெரியும்தானே, மாதாமாதம் ஒன்றும் வராது. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதியும், வேலை செய்த வருடங்களுக்குத் தோட்டம் தரும் சேவைக்காலப் பணமும் ஒரு தடவை வரும், அதோடு சரி. அதில் சேமலாப நிதி இன்னும் வரவில்லை. அடையாள அட்டையில் பெயருக்கு ஒரு எழுத்து, தோட்டத்தில் பேர் போடும் செக்ரோல் புத்தகத்தில் வேறு எழுத்து. கந்தோரில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது நீங்கள்?" என்று கேட்டார்கள். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் நான்தான் ஐயா. ஒருத்தி கொழுந்து எடுத்தா, ஒருத்தி ஓட்டுப் போட்டா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இப்போது அதே மலையில் கைக்காசுக்கு, அன்றன்று கையில் தரும் கூலிக்கு, போகிறார்.

பதுளைக்காரன்:
எங்கள் அப்பாவுக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. தங்கச்சி கல்யாணம், லயத்து வீட்டுக் கூரைத் தகரம், மூன்றே மாதத்தில் தீர்ந்தது! இப்போது வயது 63. முதியோர் கொடுப்பனவு 70-க்குத்தான், 2025-ல் 5,000 ரூபா ஆக்கினார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி அனுப்பினால்தான் அரிசி. அவன் அனுப்பாத மாதம் அப்பா வெற்றிலையை நிறுத்திவிடுவார், எங்களிடம் சொல்லமாட்டார்.

ஹட்டன் மாமா:
மஸ்கெலியா மகள், இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்று முடியுங்கள், தோட்டத்திலும் கடிதம் வாங்குங்கள். சேவைக்காலப் பணத்தையும் கணக்குப் பாருங்கள்: தோட்டத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,000, சேவை 30 வருடம் என்று வைத்தால் 420,000. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இது 1983-ம் ஆண்டுச் சட்டம். கைக்காசு வேலைக்கும் சேமலாப நிதி உண்டு, தொழிலாளி 8, முதலாளி 12 சதவீதம். கேட்டால்தான் கிடைக்கும். நான் கேட்கவில்லை, அதுதான் என் கதை.

கணக்கப்பிள்ளை மகன்:
மாமா, கைக்காசுக்காரர் வாய் திறந்தால் அடுத்த நாள் வேலை இருக்குமா? எங்கள் அப்பா ஸ்டாஃப், மாதச் சம்பளம். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று எடுத்தார், பேங்கில் போட்டார், வட்டியில் சாப்பிடுகிறோம். அதே மலையில் அப்பா செக்ரோலில் பேர் போட்ட தொழிலாளி அம்மா ஒருவர் போன வாரம் வாசலில் வந்து விறகு விற்றார். அப்பா உள்ளே போய்விட்டார்.

மஸ்கெலியா பேத்தி:
சத்தியக் கடதாசி கொடுத்து நாலு மாதம் ஆகிறது மாமா. அம்மாயி இன்றைக்கும் மலைக்குப் போனார். 11 கிலோ.