சிப்செட் விசிறியைக் கழற்றிவிட்டு வெறும் ஹீட்சிங்க் போட்ட அனுபவம்

வெள்ளவத்தை வாசி:
2005 வாக்கில் வாங்கிய, என்ஃபோர்ஸ் 4 சிப்செட் உள்ள மதர்போர்ட் ஒன்று, பழைய கேம்களுக்காக இன்னும் வைத்திருக்கிறேன். சிப்செட்டுக்கு, அதாவது போர்ட்டின் பாகங்களை இணைக்கும் சிப்புக்கு மேலே, சூட்டைத் தணிக்க 40 மில்லிமீற்றர் விசிறி. இவ்வளவு சின்ன விசிறி காற்றுத் தள்ள வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுச் சுற்ற வேண்டும். உள்ளே எண்ணெய் காய்ந்ததும் காதுக்குள் நுளம்பு புகுந்த மாதிரி ஒரு கீச்சல். வீடு கடலுக்குக் கிட்ட, காலி வீதித் தூசியும் வரும், அதற்கு எப்படி ஆயுள் இருக்கும்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கணினிக் கடைகளில் கேட்டால் அதே அளவில் இன்னொரு விசிறியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் சிம் லிம் ஸ்கொயரில் ஸல்மான் நிறுவனத்தின் நீல நிற ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) ஒன்றைத் தேடி வாங்கி அனுப்பினார். விசிறியே இல்லாதது.

கழற்றுவதுதான் பெரிய வேலை. முதலில் கொஞ்ச நேரம் கணினியை ஓடவிட்டேன், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் உள்ள பழைய பேஸ்ட் சூட்டில் இளகட்டும் என்று. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, போர்ட்டை முழுதாக வெளியே எடுத்து, பின்பக்கத்தில் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகளின் நுனியைக் குறட்டால் நெருக்கித் தள்ளினேன். பழைய ஹீட்சிங்கை மேலே இழுக்கக் கூடாது, மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். சிப்பின் நடுவில் சிலிக்கன் மூடியில்லாமல் இருக்கும். புதியதை ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் மூலை உடைந்துவிடும், அதோடு போர்ட் போச்சு. ஊசிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள்.

உயரத்தையும் பாருங்கள். இந்த போர்ட்டுகள் பலவற்றில் சிப்செட் இருப்பது கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. ஹீட்சிங்க் நாலரை சென்ரிமீற்றருக்குக் கிட்ட நிற்கிறது. என் கார்டு கட்டை, அதனால் தப்பியது. வாங்குவதற்கு முன் அந்த உயரத்துக்கு ஒரு மட்டையை வெட்டி நிறுத்திப் பார்ப்பது நல்லது.

கொட்டாஞ்சேனை:
நான் அவ்வளவு தூரம் போகவில்லை அண்ணை. விசிறியின் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. சத்தம் நின்றது, சில மாதத்தில் திரும்பி வந்தது. பிறகு புறக்கோட்டையில் பழுதான போர்ட் ஒன்றை வாங்கி, அதிலிருந்த விசிறியில்லாத ஹீட்சிங்கைக் கழற்றிப் போட்டேன். துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொண்டு போனபடியால் சரி. எல்லா போர்ட்டிலும் அந்தத் தூரம் ஒன்றல்ல.

ஒரு சந்தேகம். விசிறி இல்லை என்று பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) கத்தவில்லையா?

வெள்ளவத்தை வாசி:
கத்தியது தம்பி. பயாஸில் அந்த விசிறியின் வேகத்தைக் கண்காணிப்பதை நிறுத்திவிட்டேன்.

தெகிவளை:
ஏஎம்டியின் எக்ஸ்570 சிப்செட் போர்ட் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். பல வருடம் காணாமல் போயிருந்த இந்தச் சின்ன விசிறி, 2019இல் கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றை இணைக்கும் வேகமான பிசிஐஇ 4.0 வந்தபோது திரும்பி வந்தது. சிப்செட் 11 வாட் அளவில் இழுக்கிறது. என்னுடையதில் ஹீட்சிங்க் போர்ட்டின் மூடியோடு சேர்ந்து வருகிறது, மாற்றுவதற்கு ஏற்ற ஒன்று கிடைப்பது கஷ்டம். பயாஸில் சைலன்ட் என்று வைத்தேன், பெரும்பாலும் நின்றே இருக்கிறது. அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை:
வெப்பம் எப்படி அண்ணை? நம்ம ஊரில் இரவிலும் அறை 28 பாகைக்குக் கீழே இறங்காதே.

வெள்ளவத்தை வாசி:
அதைச் சொல்ல மறந்தேன். விசிறியில்லாத ஹீட்சிங்க் என்றால் காற்றே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது, பெட்டிக்குள் காற்று அசைய வேண்டும். பக்கக் கதவில் 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றை மெதுவாகச் சுற்றவிட்டிருக்கிறேன், காதில் விழாது. அதை நிறுத்திப் பார்த்தபோது கொஞ்ச நேரத்தில் ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. சுற்றவிட்டால் இளஞ்சூடுதான். கதவில் விசிறிக்கு இடமில்லையென்றால் முன்பக்கம் போடு, ஆனால் கேபிள்களைக் காற்றுக்குக் குறுக்கே விடாதே.