காசி மன்னர் வெட்டிக் கொடுத்த கிணறு: இங்கிலாந்துக் கிராமங்களில் அம்மாவோடு

இங்கிலாந்தில் கோட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதிக் கிராமங்களுக்குப் போய்வந்த அனுபவத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பதினோரு வருடமாக இருக்கிறேன், முன்பே இரண்டு தடவை போயிருக்கிறேன். தேன் நிறத்தில் வீடுகள், சின்ன ஆறு, கல்பாலம், கொஞ்சம் படங்கள் என்று அதோடு திரும்பிவிட்டேன். போன மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அந்த ஊர்களைக் கொஞ்சமாவது பார்த்தேன் என்று சொல்ல முடிகிறது.

அம்மாவுக்கு 71 வயது. சிவகங்கைப் பக்கம் வானம் பார்த்த பூமி. கல்யாணம் ஆகி வந்த புதிதில் விடிகாலை நாலு மணிக்கே குடத்தோடு ஊருணிக்குப் போனவர். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கோயில் எங்கே, கடை எங்கே என்று கேட்கமாட்டார். முதல் கேள்வி இதுதான்: "ஏத்தா, இந்த ஊர்ல தண்ணிக்கு என்னத்தா செஞ்சாக?"

முதலில் பைபரி. ஆர்லிங்டன் ரோ என்ற அந்த வீட்டு வரிசையின் படம் முன்பு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்திலேயே இருந்தது. 1380 வாக்கில் மடாலயத்துக்காகக் கம்பளி சேமிக்கக் கட்டிய கிட்டங்கி அது. 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாகப் பிரித்தார்கள். எதிரே கோல்ன் ஆற்றை ஒட்டி ஈரமான ஒரு புல்வெளி, பெயர் ரேக் ஐல். நனைத்த துணியை 'ரேக்' என்ற சட்டங்களில் விரித்துக் காயப்போட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். நான் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா, "அப்ப இது பாவடிதான்" என்றார். தறிக்காரர்கள் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வேலை வேறுதான், ஆனால் நெய்கிறவனுக்கு வீட்டு வாசலில் ஒரு வெட்டவெளி வேண்டும் என்பதை அவர் பிடித்துவிட்டார். நான் இரண்டு தடவை போயும் அந்தப் புல்வெளியை வெறும் புல்வெளியாகத்தான் பார்த்திருந்தேன்.

வங்கி விடுமுறை வாரக்கடைசி வேறு. சுற்றுலாப் பேருந்துகள் வந்தபடியே இருந்தன. அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு கதவு திறந்து ஓர் அம்மையார் குப்பைப் பையோடு வெளியே வந்தார். அங்கே நின்ற பத்துப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கேமராவைத் தூக்கினார்கள். அவர் தலையைக் குனிந்தபடி பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் போனைத் தூக்கியிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "குடியிருக்கிற வீட்டு வாசல்ல நின்னு படம் பிடிக்காத." அதற்குப் பிறகு அந்த நான்கு நாட்களும் நான் யார் வீட்டு வாசலையும் எடுக்கவில்லை. போகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் நின்றால் வரிசை முழுவதும் அழகாகத் தெரியும், யாருக்கும் தொந்தரவு இல்லை.

போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் கூட்டம் இன்னும் அதிகம். விண்ட்ரஷ் ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர், குழந்தைகள் இறங்கி விளையாடினார்கள். அந்த ஊரையே ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லில் கட்டிய மாதிரிக் கிராமம் ஒன்று 1937இலிருந்து இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் காட்டுங்கள். எங்களுக்கு அங்கே அரைமணி நேரமே போதுமாக இருந்தது.

அங்கிருந்து லோயர் ஸ்லாட்டருக்கு நடந்தோம், ஒன்றரை மைல் இருக்கும். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த நடைபாதைகள்தான். தனியார் வயலின் நடுவே போனாலும் பொதுவழி என்று பலகை இருந்தால் யாரும் நடக்கலாம், வயல்காரர் தடுக்க முடியாது. ஆடுகள் வெளியே போய்விடாதபடி ஒரே ஆள் மட்டும் நுழையும் அளவுக்கு மரக்கதவு வைத்திருக்கிறார்கள். அம்மா சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவையும் திறந்து, மறக்காமல் சாத்திவிட்டு வந்தார். குட்டிகள் தாயைத் தேடிக் கத்தின. "ராத்திரி வயல்ல கிடை போடுவாகளா?" என்று கேட்டார். இங்கும் முன்பு அப்படித்தான், உழவுநிலத்தில் பட்டி அடைத்து ஆடுகளை இரவு முழுக்க நிறுத்துவார்கள், உரத்துக்காக. அந்த ஆட்டு மயிரை விற்ற பணத்தில்தான் இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில்கூட அவ்வளவு பெரிய தேவாலயங்கள் எழுந்தன. 'கம்பளித் தேவாலயம்' என்றே சொல்கிறார்கள்.

லோயர் ஸ்லாட்டரில் ஐ என்ற குட்டி ஆற்றின் ஓரமாக ஒரு மாவு ஆலை, நீர்ச்சக்கரத்தோடு அப்படியே நிற்கிறது. ஊர்ப் பெயரைக் கேட்டால் ஆங்கிலத்தில் கசாப்பு ஞாபகம்தான் வரும். உண்மையில் சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கல்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அம்மா கை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கிட்டே குனிந்து பார்த்தேன். கல் முழுக்க ரவை ரவையாகச் சின்ன உருண்டைகள். ஒருகாலத்தில் இந்த நிலமெல்லாம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். அடியில் உருண்டு உருண்டு சுண்ணாம்பு படிந்து இறுகிய கல் இது. மீன் முட்டை போல இருப்பதால் முட்டைக்கல் என்று பொருள்படும் பெயரை நிலவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் அந்தத் தேன் நிறம்.

ஒரு வீட்டு வாசலில் மரப்பெட்டி. உள்ளே அட்டைப்பெட்டிகளில் முட்டை, பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா. ஆள் இல்லை. கிராமங்களில் இது சகஜம், எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். விளக்கினேன். அம்மா முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஆறு எடுத்தார், காசை எண்ணிப் போட்டார், ஆனால் நகரவில்லை. "யாராவது பார்க்கட்டும்த்தா. பார்க்காம எடுத்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்று நின்றுவிட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். தோட்டத்துப் பக்கமிருந்து வயதான ஒருவர் மண் கையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "என் அம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ருபார்ப் என்ற செடியின் தண்டு நாலைந்து வெட்டி வந்து அம்மா கையில் கொடுத்தார். இலையைச் சாப்பிடக் கூடாது, விஷம் என்று இரண்டு தடவை சொன்னார். அன்று இரவு அம்மா அந்தத் தண்டில் வெல்லமும் வேப்பம்பூவும் போட்டு, மாங்காய்க்குச் செய்வதுபோலவே பச்சடி செய்தார். நல்ல புளிப்பு. இனி ஒவ்வொரு மே மாதமும் செய்வேன்.

அடுத்தது அப்பர் ஸ்லாட்டர், இன்னும் ஒரு மைல். முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இறந்தவர்கள் பெயர் வெட்டிய நினைவுக்கல் நிற்கும். போருக்குப் போன எல்லோரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் ஐம்பதுக்குச் சற்று மேல்தான். 'நன்றியுள்ள கிராமங்கள்' என்று பெயர். அப்பர் ஸ்லாட்டர் இரண்டு உலகப் போரிலும் ஒருவரைக்கூட இழக்காத ஊர், அதனால் ஊர்க்கூடத்தில் இருப்பது திரும்பி வந்தவர்களின் பெயர்ப்பலகை. எங்கள் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. அம்மாவின் பெரியப்பா பர்மாப் பக்கம் போனவர், திரும்பவில்லை. அதை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

திரும்பும் வழியில் ஒரு சந்தில் மாட்டிக்கொண்டோம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர்வேலி, ஒரே ஒரு வண்டி போகும் அகலம், எதிரே டிராக்டர். வண்டி ஒதுங்கும் இடம் வரை பின்னாலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கிராமத்துச் சாலையில் ஒதுங்கும் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அது எங்கே என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது அடுத்த சனிக்கிழமை போன ஊரைப் பற்றி. ஸ்டோக் ரோ. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேல், ரெடிங்கிலிருந்து அரைமணி நேரப் பயணம். இங்கே தேன் நிறக் கல் கிடையாது, ஆறும் கிடையாது. செங்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்து கட்டிய வீடுகள், சுற்றிலும் பீச் மரக்காடு, அடியில் நீலப் பூக்கள் உதிரும் தறுவாயில். மேலே பிளந்த வாலோடு செந்நிறப் பருந்துகள் வட்டமிட்டன. இங்கிலாந்தில் அடியோடு அற்றுப்போன இனம் அது. 1989இலிருந்து ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டிருக்கிறார்கள்.

தெருவோரத்தில் திடீரென்று ஒரு மண்டபம். மெல்லிய இரும்புத் தூண்கள், மேலே வெங்காய வடிவில் குவிமாடம், நடுவில் நீர் இறைக்கும் இரும்புப் பொறி, அதன் உச்சியில் பொன் பூசிய ஒரு யானை. அம்மா காரிலிருந்து இறங்காமலே, "இதென்னத்தா, நம்ம ஊரு ஆனை?" என்றார்.

நம் நாட்டு யானைதான். கிணறும் நம் நாட்டுக் காசில் வெட்டியது. சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை, மழை பெய்தால் நிற்காது, உறிஞ்சிவிடும். ஊர்க்காரர்கள் குட்டையையும் களிமண் பள்ளத்தில் தேங்கிய மழைநீரையும் நம்பித்தான் இருந்தார்கள், கோடையில் அதுவும் வற்றும். அந்தப் பக்கத்து இப்ஸ்டனில் பிறந்த எட்வர்ட் ரீட் என்பவர் வட இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தார். 1831இல் அஸம்கரில் ஊருக்காக ஒரு கிணறு வெட்ட உதவினார். பிற்பாடு காசி மன்னர் ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் பேசும்போது தன் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மா அடித்ததைச் சின்ன வயதில் பார்த்ததாகச் சொன்னாராம். ரீட் ஊர் திரும்பிவிட்ட பிறகும் மன்னர் அதை மறக்கவில்லை. தன் செலவில் அங்கே ஒரு கிணறு வெட்டிக் கொடுக்கிறேன் என்றார்.

1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாள் அன்று திறந்தார்கள். ஆழம் 368 அடி, விட்டம் 4 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் இன்னும் 150 அடி தோண்ட வேண்டியிருக்கும். ஒருவர் உட்கார்ந்து கையை நீட்டி வெட்டும் அகலம்தான், எல்லாம் கைவேலை. செலவு 353 பவுன் சொச்சம். தண்ணீர் இலவசம். பராமரிப்புச் செலவுக்காகப் பக்கத்திலேயே ஒரு செர்ரித் தோப்பு வைத்தார்கள். தோப்பில் மீன் வடிவத்தில் ஒரு குளம், மன்னர் குடும்பத்தின் சின்னம் மீன் என்பதால். காவல்காரருக்கு ஒரு சின்ன வீடும் இருக்கிறது.

1857 சிப்பாய்க் கிளர்ச்சி நடந்து சில வருடங்களே ஆன நேரம் அது. ஆங்கிலேயரின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்க மன்னர்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். இருக்கட்டும். அதற்கு லண்டனில் ஒரு சிலை போதும். குன்றின் மேல் ஏதோ ஒரு குக்கிராமத்துக் கூலிக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் என்பது, கேட்ட சொல்லை மனதில் வைத்திருந்தவர் செய்கிற காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மண்டபத்தைச் சுற்றிப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். எண்பத்தைந்து வயது இருக்கலாம். அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தானாம். குழாய் வந்த பிறகுதான் கிணறு ஓய்ந்தது. "ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிடம் ஆகும் என்பார். தோளில் நுகத்தடி வைத்து இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம்." அம்மாவுக்குச் சொன்னேன். "காவடி மாதிரி" என்றார். பிறகு அந்தப் பாட்டியம்மா அம்மாவைப் பார்த்து, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கும் முன்னே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கிக் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துச் சேந்திக் காட்டினார். அந்த அம்மா பதிலுக்குக் கைப்பிடியைச் சுற்றுவது போலக் காற்றில் சுற்றிக் காட்டினார். இருவரும் கொஞ்சநேரம் அப்படியே இழுத்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் நின்றார்கள்.

கிணற்றுக்குள் தண்ணீர் தெரிகிறதா என்று அம்மா எட்டிப் பார்த்தார். தெரியவில்லை.

போவதாக இருந்தால் நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. பேருந்து குறைவு, கார் இருந்தால் நல்லது. பக்கத்து ஊரான ஹென்லிக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் சேர்த்து ஒதுக்கினால் போதும்.

அன்று இரவு சித்தியோடு போனில் அம்மா பேசிக்கொண்டிருந்தார். பைபரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "368 அடிடி. கையாலயே வெட்டியிருக்காக. நம்ம காசி ராசா குடுத்த காசு." ஸ்பீக்கரில் சித்தி உடனே கேட்டது எனக்கும் கேட்டது.

"அவ்வளவு ஆழத்துலயும் தண்ணி வந்துச்சாமாக்கா?"

"வந்துச்சாம்டி."