முன்கை 61 மில்லிமீட்டர்: மாறாமலையில் ஒரு வவ்வாலை அடையாளம் காணப் போன அனுபவம்

வனத்துறை அனுமதி பெற்ற ஓர் ஆய்வுக் குழுவுக்கு உதவியாளாக மாறாமலைக் கிராம்புத் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டு, தோல் கையுறையுடன் வவ்வால் பிடிக்கும் வலையருகே உட்கார்ந்திருந்த எனக்கு, தோட்டத்தில் முப்பது வருடமாக வேலை செய்யும் பெரியவர் சொன்னார்: "மலை வாவல் வேற, ஊரு வாவல் வேற மக்கா." நாகர்கோவில் பக்கத்தில் மட்டி வாழைக்குலைகளைத் தின்னும் குறுமூக்குப் பழந்தின்னி வவ்வாலைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவன் என்பதால், அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் சிக்கியதைத் துணிப்பையிலிருந்து எடுத்து வெர்னியரால் அளந்தபோது முன்கை 61 மில்லிமீட்டர் இருந்தது. ஊரில் பறக்கும் அந்தக் குறுமூக்கனுக்கு (சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ்) அது சராசரியாக 70 மில்லிமீட்டர் இருக்கும். குட்டியாக இருக்கலாமே என்று சந்தேகப்பட்டேன். உடனே ஆய்வாளர் இறக்கையை விரித்து, விரல் மூட்டுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துக் காட்டினார். வளரும் விலங்கானால் குருத்தெலும்பு, வெளிச்சம் ஊடுருவும் பட்டையாகத் தெரியும். இதிலோ மூட்டு உருண்டு இறுகி, எலும்பு முழுதும் இருண்டிருந்தது. காதும் சிறியது. எல்லாம் சைனோப்டெரஸ் பிராக்கியோட்டிஸ் என்ற சிறிய இனத்தையே காட்டின.

ஆனால் அந்தப் பெயரே ஒரே இனத்தைக் குறிப்பதல்ல. 2004இல் வெளியான மரபணு ஆய்வொன்று, தென்கிழக்காசியாவிலும் இந்தியாவிலும் பிராக்கியோட்டிஸ் என்று அழைக்கப்பட்டவற்றுள் ஆறு தனித்தனி மரபுக்கிளைகளைக் கண்டது. ஐரோப்பாவின் பிபிஸ்ட்ரெல் வவ்வாலும் இப்படித்தான்: 45, 55 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஒலியெழுப்பியவை 1990களில் மரபணு மூலம் இரண்டு இனங்கள் என உறுதியாயின.

அதற்காக மரபணு மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. உட்கருவுக்கு வெளியே உள்ள மைட்டோகாண்ட்ரிய மரபணு தாய்வழியாக மட்டுமே வருவதால், எப்போதோ நடந்த கலப்பு தவறான உறவைக் காட்டக்கூடும். உட்கரு மரபணுக்களையும், மண்டையோட்டையும் பல்லையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். மேகமலையில் 1948இல் பிடிபட்ட ஒரு வவ்வால் சாதாரணக் குறுமூக்கன் என்ற சீட்டுடன் அருங்காட்சியகத்தில் கிடந்தது. மேலும் கீழும் ஒரே ஒரு சோடி வெட்டுப்பல்லும் வாலில்லாத உடலும் கொண்ட அது புதிய பேரினம் என்று, 1972இல்தான் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா விவரித்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். மரபணு வரிசை இல்லாத காலத்தில் ஒரு மனிதர் பல்லை எண்ணிப் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு அது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மரபணு ஆய்வுக்காக இறக்கைச் சவ்விலிருந்து 3 மில்லிமீட்டர் வட்டமாக எடுத்த திசுவை எத்தனால் குப்பிகளில் போட்டு, பால்பாயிண்ட் பேனாவால் எண் எழுதினேன். கசிந்த எத்தனாலில் மை கரைந்து, இரண்டு குப்பிகளின் எண்கள் அழிந்துவிட்டன. எந்த உடலின் அளவோடு சேர்ப்பது என்று தெரியாத திசுவால் எந்தப் பயனும் இல்லை. பென்சிலால் எழுதிய காகிதத் துண்டைக் குப்பிக்குள்ளேயே போட்டிருந்தால் அது நேர்ந்திருக்காது.

அடுத்த மாதம் அதே இடத்தில் கட்டிய வலையில் முன்கை 61 மில்லிமீட்டர் உள்ள ஒன்று மீண்டும் விழுந்தது. விரித்துப் பார்த்தபோது சவ்வில் முன்பு திசு எடுத்த துளை முழுதாக மூடி, மிளகளவில் வெளிறிய புள்ளி ஒன்று மட்டும் இருந்தது. இந்த முறை பென்சிலால் எழுதினேன்.