கணக்கு போட்டு உயிர் பொழைக்கிற கதையெல்லாம் சயின்ஸ் ஃபிக்‌ஷன்தானா?

வேளிமலைக்காரன்:
மக்கா ஒரு டவுட்டு. நாகர்கோவில்ல படிக்கும்போ சுஜாதா வாசிச்சு புடிச்ச பைத்தியம் நமக்கு, ஜீனோ மாதிரி பேசுற எந்திர நாயின்னா உசுரு. இப்ப எத எடுத்தாலும் தனியா மாட்டுன ஒருத்தன், ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் தண்ணி எத்தன நாளு வரும்னுதான் எழுதுகானுவ. செவ்வாய் கெரகத்துல ஒத்தையா மாட்டுனவன் கதையான ‘தி மார்ஷியன்’ நாவல் ஹிட்டான பொறவுதான் இது கூடிப்போச்சுன்னு நெனைக்கேன். வாசிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பாதி பக்கம் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி கைடு. இதுல கற்பன எங்க இருக்கு?

முப்பந்தல் காத்து:
அண்ணே கற்பன எடம் மாறிருக்கு, அவ்வளவுதான். ஆண்டி வியர் அந்த நாவல மொதல்ல தன்னோட வெப்சைட்டுல அத்தியாயம் அத்தியாயமா போட்டாரு, விஷயம் தெரிஞ்ச வாசகனுவ தப்ப சொல்லச் சொல்ல திருத்திக்கிட்டே போனாரு, 2011ல அவரே இ-புக்கா விட்டாரு. வாசகன் கால்குலேட்டரோட உக்காந்திருக்கும்போ திடீர்னு ஒரு மெஷின கொண்டு வந்து ஹீரோவ காப்பாத்த முடியாதுல்லா. அதுலயும் ஓட்ட உண்டு கேட்டியளா, தொடக்கத்துல ராக்கெட்ட சாய்க்கப் பாக்குற புயல். செவ்வாய்ல காத்தழுத்தம் பூமில உள்ளதுல 1 சதவீதம்கூட கெடையாது, மணிக்கு 100 கிலோமீட்டர்ல அடிச்சாலும் மேல லேசா காத்து பட்ட மாதிரிதான் இருக்கும், ராக்கெட்டு எங்க சாய? அவருக்கும் தெரியும், கத தொடங்கணுமேன்னு விட்டுட்டாரு.

பழைய வாசகன்:
இது புதுசும் இல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865லயே நிலாவுக்கு போக வேகக் கணக்கு போட்டவரு. ஆனா எனக்கு ஊரும் அரசாங்கமும் மனுசனும் மாறுறத சொன்னாத்தான் சயின்ஸ் ஃபிக்‌ஷன், மத்ததெல்லாம் பிளம்பிங் வேல.

தூத்தூர் அக்கா:
தம்பிமாரே, 2017 ஒக்கி புயல்ல எங்க பக்கம் கடலுக்கு போன எத்தனையோ ஆளுவ திரும்பல. கவுந்த வள்ளத்தையும் கேனையும் புடிச்சிட்டு கெடந்து தப்பிச்சவங்க பேசி கேட்டிருக்கேன். கூட கெடந்தவன் கை விட்டுட்டானா இல்லியான்னுதான் பேச்சே வரும். இந்த நாவல்கள்ல ஹீரோ எப்பவும் தனி ஆளு, எப்பவும் ஜோக்கடிப்பான், அதுதான் எனக்கு ஒட்டல. சயின்ஸ் வேண்டாம்னு சொல்லல, கடல்தண்ணில உப்பு 3.5 சதவீதம், கிட்னிக்கு அவ்வளவு உப்ப மூத்திரத்துல வெளிய தள்ள முடியாது, அதனால குடிக்க குடிக்க ஒடம்புல உள்ள தண்ணியும் போவும். கண்ணு முன்ன கூட்டாளி அத அள்ளி குடிக்கான், ரெண்டு பேருக்கு மிச்சம் ஒரு பாட்டில் தண்ணி. இத எவனாவது எழுதட்டும்.

வேளிமலைக்காரன்:
அக்கா இது செம. எஞ்சின் நின்ன ஆழ்கடல் போட்டுன்னு வச்சா, மீனுக்கு கொண்டு போற ஐஸ உருக்கி குடிக்கலாமா?

தூத்தூர் அக்கா:
மீனுக்கு அடியில உருகி கெடக்கத தொடாத, ரத்தமும் செதிலும் கலந்து நாறும். மீன் படாத கட்டிய ஒடச்சு தனி கேன்ல போட்டு உருக்கணும். அத சரியா எழுதிரு, இல்லன்னா எங்க ஊரு பயலுவ வாசிச்சுட்டு சிரிப்பானுவ.