கழுத்து திரும்பாத தாய்மாமன்

குழு: மஞ்சக்குப்பம் வீடு

சுமதி: ஞாயிறு காலை 7 மணிக்குத் திருவந்திபுரம். பாப்பாவுக்கு மொட்டை, அப்புறம் காதுகுத்து. 6 மணிக்கு எல்லாரும் வண்டியில் இருக்க வேண்டும். கார்த்தி, நீதான் மடி.

கார்த்தி: அக்கா, கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது.

சுமதி: விளையாடாதே

கார்த்தி: பாண்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் இடது பக்கம் நின்று டிக்கெட் கேட்டார். மொத்த உடம்பையும் திருப்பித்தான் சில்லறை கொடுத்தேன்.

மல்லிகா அத்தை: தலையணையை வெயிலில் போடு

தினேஷ்: வேனா டெம்போவா?

சேகர் சித்தப்பா: தலையணை இல்லை அக்கா, நாற்காலி. ரெட்டியார்பாளையத்தில் இவன் வேலை பார்க்கும் லட்சணத்தை நேரில் பார்த்தேன். டைனிங் டேபிளில் லேப்டாப். பத்து மணிக்கு உட்கார்ந்தவன் ஒன்றரைக்கு அதே நாற்காலியில் சாப்பிடுகிறான். தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் எலும்பு தாங்கிக்கொள்ளும். குனியக் குனியப் பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பார், அப்புறம் கையை நீட்டித் தூக்கிப் பார், தெரியும். 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று 2014இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது கணினியில் போட்ட கணக்கு, அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் நெடுநேரம் அசையாமல் இருப்பவர்களிடம் கழுத்துவலி அதிகம். அது ஒன்றே காரணம் என்றும் சொல்ல முடியாது. தூக்கமின்மை, மனக்கவலை எல்லாம் சேரும்.

பாஸ்கர்: மனக்கவலையா, இவனுக்கா

சுமதி: சித்தப்பா, மடி??

மல்லிகா அத்தை: சலூனில் ஒரு சொடக்கு எடுத்தால் சரியாகிவிடும்

சேகர் சித்தப்பா: வேண்டவே வேண்டாம். சட்டென்று முறுக்கினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியலாம். அபூர்வம்தான், வந்தால் பக்கவாதம். கார்த்தி, கை மரத்துப்போகிறதா? பிடி தளர்கிறதா? காய்ச்சல் உண்டா?

கார்த்தி: இல்லை

சேகர் சித்தப்பா: அப்படியானால் வெந்நீர் ஒத்தடம் கொடு. படுத்தே கிடக்காமல் மெல்ல அசைத்துக்கொண்டிரு. கை மரத்தால் உடனே டாக்டர்.

மல்லிகா அத்தை: பாஸ்கர் காலால் பிறந்தவன். மூன்று தடவை காலால் நீவட்டும், சுளுக்கு ஓடிவிடும்.

பாஸ்கர்: ஓ. உதைக்க நான், மடிக்கு அவன்.

அம்மா: (குரல் செய்தி 1:42)

சுமதி: அம்மா, இதைக் குழுவில் பேசாதே

பாஸ்கர்: கேட்டுவிட்டேன். 2019இல் பெரியவனுக்குக் குத்தும்போது மூத்த தாய்மாமன் எங்கே இருந்தான்? அடுப்படியில், இட்லித் தட்டை எண்ணிக்கொண்டு.

தினேஷ்: மச்சான், அன்று கணக்கு பார்க்க வேறு ஆள் இல்லை

பாஸ்கர்: எனக்கும் ஒரு மடி இருக்கிறது மாப்பிள்ளை

கார்த்தி: அண்ணா, நீயே உட்கார். இடது காதில் குத்தினால் எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சேகர் சித்தப்பா: இன்னொன்று. லேப்டாப்புக்கு அடியில் புத்தகம் அடுக்கி உயர்த்து, கீபோர்டு தனியாக வை. அரை மணிக்கு ஒருமுறை எழு. நிமிர்ந்தே உட்கார்ந்தாலும் அசையாமல் இருந்தால் வலிக்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை மாதிரி மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே சொல்லியிருக்கிறது. உனக்குத்தான் பீச் ரோடு இருக்கிறதே, சாயங்காலம் வண்டியும் விடமாட்டார்கள்.

கார்த்தி: போகிறேனே. ஐஸ்கிரீம் கடை வரைக்கும்.

மல்லிகா அத்தை: சேகர், இவ்வளவையும் நீ குனிந்துதானே தட்டினாய்?

சித்தி: ஊஞ்சலில், ஒரு மணி நேரமாக. பால் இன்னும் வரவில்லை.

தினேஷ்: வேன்காரர் காத்திருக்கிறார். எத்தனை பேர்?

சுமதி: அண்ணா, வருகிறாய்தானே?

பாஸ்கர்: பட்டு வேட்டி இஸ்திரிக்குப் போயிருக்கிறது. பார்க்கலாம்.

சுமதி: அது ஆமாவா, இல்லையா?

அம்மா: (குரல் செய்தி 3:07)