ரெக்கார்டர் குழல்ல எஃப் சுரம் மட்டும் சுருதி சேரல, அவசரம்

புதுக்குழல்: வணக்கம். சி மேஜர் ஸ்கேல் பழகிட்டு இருக்கேன். மத்த சுரமெல்லாம் சரியா வருது, எஃப் மட்டும் தூக்கலா கேக்குது. சார்ட்ல போட்ட மாதிரியேதான் விரல் வைக்கிறேன். நாளன்னைக்கு கிளாஸ். யாராவது சொல்லுங்களேன்.

வேணுப்பிரியன்: பலமா ஊதுறீங்க. ரெக்கார்டர்ல காத்தைக் கூட்டினா சுருதி ஏறிடும். நாக்கு நுனியால "டு"ன்னு தொட்டு, மெதுவா ஒரே சீரா விடுங்க.

மாலதி: காத்துதான் காரணம்னா பக்கத்துல இருக்கிற ஈ, ஜி ரெண்டும் சேர்ந்து ஏறியிருக்கணுமே. இவருக்கு எஃப் மட்டும்தான் போகுது. புதுக்குழல், உங்களுது சின்னக் குழலான சோப்ரானோவா, அதைவிடப் பெரிய ஆல்ட்டோவா? எஃப்புக்கு எந்தெந்த ஓட்டையை மூடுறீங்க? ட்யூனர் ஆப் எத்தனை ஹெர்ட்ஸ் காட்டுது?

ராகமூர்த்தி: எந்தக் குழல், எந்த விரல், எதுவும் சொல்லாம "எஃப் வரல"ன்னா பதில் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் சொல்லியாச்சு. கேக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்கிற குழலோட விரல்முறை பரோக்கா ஜெர்மனான்னு பாக்கக் கத்துக்கணும். முன்பக்க ஓட்டைகளை மேலேருந்து எண்ணுங்க. 4-ஐ விட 5 சின்ன ஓட்டைன்னா ஜெர்மன். 4 சின்னது, 5 பெருசுன்னா பரோக். யமஹாவா இருந்தா மாடல் 23 ஜெர்மன், 24பி பரோக்.

புதுக்குழல்: மன்னிக்கணும். சோப்ரானோ, பிளாஸ்டிக். கட்டைவிரல், 1 2 3, அப்புறம் 4. ஆப்ல 720 பக்கம் நிக்குது.

மாலதி: அப்ப விஷயம் புரிஞ்சுபோச்சு. அந்த எஃப் 698 இருக்கணும், அதுக்கு அரைச்சுரம் மேல இருக்கிற எஃப் ஷார்ப் 740. நீங்க ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறீங்க. குழல் பரோக், சார்ட் ஜெர்மன். 4-ஓட 6, 7-ஐயும் மூடுங்க, 5-ஐ மட்டும் திறந்து விடுங்க. 6, 7 ரெண்டும் இரட்டை ஓட்டையா இருந்தா ரெண்டு துளையும் முழுசா மூடணும், ஓரத்துல காத்து கசிஞ்சா திரும்பவும் ஏறிடும்.

வேணுப்பிரியன்: அதுக்கு 5-ஐப் பாதி மூடினா போதுமே? புல்லாங்குழல்ல அப்படித்தானே சுரத்தை இறக்குறோம்.

மாலதி: மெதுவா வாசிக்கும்போது இறங்கும்தான். வேகமா ஸ்கேல் போறப்ப ஒவ்வொரு தடவையும் அதே அளவு பாதி வராது.

தாளம்: பேசாம ஜெர்மன் குழல் வாங்கிடுங்க. எஃப்புக்கு ஒரே வரிசையா விரல் இறங்கும், ஆரம்பத்துக்கு அதுதான் நல்லது.

ராகமூர்த்தி: முதல் ஸ்கேலோட அந்தச் சுகம் முடிஞ்சுடும். ஜி மேஜர்லயே எஃப் ஷார்ப் வந்துடுதே. பரோக்ல 4-ஐத் திறந்து 5, 6 மூடினா சுத்தமா நிக்கும். ஜெர்மன்ல 5, 6, 7 மூணையும் மூடியும் சுருதி ஒழுங்கா சேராது. எஃப்பை எளிசாக்கத்தான் 1920-கள்ல ஜெர்மனியில பீட்டர் ஹார்லன் இந்த முறையைக் கொண்டுவந்தார், அதுக்கு விலை மத்த அரைச்சுரங்கள்.

தாளம்: சின்னப் பசங்க பல பேர் ஜி மேஜர் வரைக்கும் வர்றதே இல்ல. முதல் மாசமே கை வலிச்சு விட்டுடுறாங்க.

ராகமூர்த்தி: கை வலிக்கு விரல்முறை காரணமில்ல, ஓட்டையை அழுத்திப் பிடிக்கிறதுதான் காரணம். விரல் நுனியில இல்லாம சதைப்பத்துல மூடச் சொல்லுங்க. ஓட்டையோட வட்டத் தடம் சதையில லேசா விழுந்தா போதும்.

புதுக்குழல்: 5 பெருசுதான்! இப்ப 700 காட்டுது. ஆனா ஈ-யிலிருந்து எஃப் போறப்ப நடுவுல கீழ் சி ஒரு நொடி கேக்குது.

மாலதி: ஈ-யில 4, 5 மூடியிருக்கு. நடுவிரல் எழும்புறதுக்கு முன்னாடி மோதிர விரலும் சுண்டுவிரலும் விழுந்தா எல்லா ஓட்டையும் மூடிக்கும், அதுதான் சி. நடுவிரல் முந்திட்டா பழைய 720 கேக்கும். முதல்ல ஊதாம விரலை மட்டும் மாத்துங்க. மூணு விரலும் ஒரே "டப்" சத்தத்துல மாறணும். அப்புறம் ஈ எஃப் ஈ எஃப், ஒரு சுரத்துக்கு நாலு எண்ணிக்கை. சி எட்டிப் பார்க்காத வரைக்கும் வேகத்தைக் கூட்டாதீங்க.

கவின்: இடையில கேக்கிறேன், எஃப் மேஜருக்கு பி ஃப்ளாட் எப்படி?

மாலதி: கட்டைவிரல், 1, 3, 4. அடுத்த சி-க்கு கட்டைவிரலும் 2-ம் மட்டும். அந்த மாத்தம்தான் சிக்கல். ஏ, பி ஃப்ளாட், சி மூணை மட்டும் தனியா எடுத்துப் பழகுங்க.